அடுக்கை வெட்டுவதா, கட்டியை வெட்டுவதா

மூன்று நாளாகக் கணினிப் படத்தில் ஒரே கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 19 அடி ஃபைபர் போட் ஒன்று, எஞ்சின் பூட்டுகிற பின்பலகையில் கூடுதலாக ஆறு அடுக்கு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வர வேண்டும், மேல் விளிம்பில் எஞ்சின் உட்காரும் இடத்துக்கு ஒரு வெட்டும் விட வேண்டும். கேட்கும்போது சின்ன வேலைதான்.

நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு அடுக்கையும் ஒரே மேற்பரப்பிலிருந்து தடிப்பாக்கி ஒரே கட்டியாக எடுத்து, கடைசியில் அந்தக் கட்டியை ஒரே தட்டில் வெட்டிவிட்டேன். திரையில் அழகாக இருந்தது. ஆனால் மேட் கணக்கு எடுத்த பட்டியலில் அடுக்குகளின் பரப்பு பழையபடியே நின்றது, ஏனென்றால் வெட்டுப்பட்டது கட்டி, அடுக்கின் எல்லைக்கோடு அல்ல. கேட்டியா போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் கம்போசிட்டுக்கென்று, அதாவது நாரும் ரெசினும் சேர்ந்த அடுக்குப் பொருளுக்கென்று, இருக்கும் பகுதியில் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எல்லை, தனி நார்த்திசை, தனி வரிசை எண் எல்லாம் இருக்கும். நான் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் வெறும் சர்ஃபேஸ் (மேற்பரப்பு) வைத்துச் செய்கிறவன், அந்த ஒழுங்கையெல்லாம் நானேதான் காக்க வேண்டும்.

படத்தைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஃபைபர் வேலை செய்கிற ஐயா ஒருவரிடம் போனேன். பார்த்த உடனே, "தம்பி, உந்த ஆறு துண்டும் ஒரே அளவு எண்டால் விளிம்பில படி மாதிரி நிக்கும், கடல் அடிக்க அடிக்க அதிலதான் வெடிக்கும்" என்றார். பட்டியலில் நான் பிழை தேடிக்கொண்டிருக்க, அவர் அதைவிடப் பெரிய பிழையைக் காட்டிவிட்டார். தடிப்பு சட்டென்று குறையும் இடத்தில் விசை வந்து குவியும், அடுக்குகள் அங்கேதான் பிரியத் தொடங்கும். விமான வேலையில் பொதுவாகச் சொல்வது, முக்கிய விசை போகும் திசையில் ஒரு பங்கு தடிப்புக்கு இருபது பங்கு நீளத்தில் இறங்க வேண்டும் என்று. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் ரெசின் என்ற பிசினில் ஊறி இறுகினால் ஏறக்குறைய 1 மிமீ, ஆகவே ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட 20 மிமீ உள்ளே முடிய வேண்டும், ஆறும் இறங்கி முடிய 120 மிமீ. எங்கள் வள்ளத்துக்கு அவ்வளவு கறார் தேவையா என்று கேட்டால், இடம் இருக்கிறது, செய்துவிட்டுப் போவோமே. ஆறுக்கும் மேலே முழு அளவில் ஒன்று போட்டு மூடிவிட்டால் நுனிகள் கிளம்பாது.

சரி, திரும்பி வந்து ஆறு எல்லைக்கோடு தனித்தனியாக வரைந்தேன். முதல் கோட்டிலிருந்து 20, 40, 60 என்று உள்ளே தள்ளித் தள்ளி. தள்ளும்போது மேற்பரப்பின் மீதே தள்ள வேண்டும், தட்டையான படத்தில் தள்ளினால் வளைவுள்ள இடத்தில் அளவு பிசகும். எஞ்சின் வெட்டு மட்டும் விதிவிலக்கு, அங்கே எல்லா அடுக்கும் ஒரே கோட்டில்தான் முடியும். அதற்கு இரண்டு கோடு வைத்தேன்: கடைசி விளிம்பு ஒன்று, மேட் போடுவதற்கு அதிலிருந்து 40 மிமீ மிகையாக இன்னொன்று. சட்டைத் துணியில் தையலுக்கு விடுகிற மாதிரி. மிகையை ரெசின் இறுகத் தொடங்கி முழுக்கக் கல்லாவதற்கு முன் கத்தியால் சீவிவிடுவார்கள், நம் வெயிலில் அந்த இடைவெளி கொஞ்ச நேரந்தான், பிறகு கிரைண்டரும் தூசியும் அரிப்பும்தான்.

துண்டுகளை விரித்து ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்துக் கொடுத்தேன், எண்ணும் போட்டு, மேட்டோடு சேர்த்துப் போடும் நெசவு ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த்துணி) துண்டுகளில் திசை காட்டும் அம்புக்குறியும் போட்டு. மேட்டுக்குத் திசை இல்லை, இழுத்தால் வளைவுக்கு இசையும். ரோவிங் அப்படி இசையாது, மூலையில் மடிந்து நிற்கும், அங்கே ஒரு கீறல் விட்டு ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. ஐயா ஐந்தாவது துண்டை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் 20க்குப் பதில் 2 மிமீ தள்ளியிருந்தேன்.