முகமறிதலும் மூளையின் இரு பாதிகளும்: இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது

உயிரியல் உளவியலை முதுகலைத் தேர்வுக்கோ நெட் தேர்வுக்கோ படிக்கும் ஒவ்வொருவரும், மனித முகத்தை மூளை எப்படி இனங்காண்கிறது என்னும் பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். "முகமறிதல் வலது அரைக்கோளத்தின் வேலை, பெண்கள் இரு அரைக்கோளங்களையும் பயன்படுத்துவதால் ஆண்களைவிட முகங்களை நன்றாக நினைவில் கொள்கிறார்கள்" என்று குறிப்பேடுகளில் இது ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். இதே தலைப்பில் கருத்தரங்கக் கட்டுரை எழுதி, பிறகு தேர்வுக்காகவும் இதைத் திரும்பப் படித்தவள் என்ற முறையில், இந்த வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். இதில் மூன்று தனித்தனிக் கூற்றுகள் ஒட்டவைக்கப்பட்டுள்ளன. முதலாவது, முகமறிதலில் வலப்பக்கச் சார்பு உண்டு என்பது. இரண்டாவது, முகமறியும் திறனில் பால் வேறுபாடு உண்டு என்பது. மூன்றாவது, அந்தப் பக்கச்சார்பே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறது என்பது. முதலாவதற்குச் சான்று மிக வலுவானது, இரண்டாவதற்கு ஓரளவு வலுவானது, மூன்றாவதற்கோ இன்னும் நிலைபெறாதது. எந்தச் சோதனை எந்தக் கூற்றைத் தாங்குகிறது என்று பிரித்துப் படித்தால்தான் இந்தப் பாடம் பிடிபடும்.

மூளைக் காயங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடமர் 1947இல், போரில் தலையில் காயமுற்றவர்களை ஆராய்ந்து, பார்வை இருந்தும் முகங்களை மட்டும் இனங்காண இயலாத நிலைக்குப் புரோசோபக்னோசியா என்று பெயரிட்டார். இந்நிலை உண்டாக மூளையின் இருபுறமும் பழுது வேண்டுமா, வலப்புறம் மட்டும் போதுமா என்ற கேள்வி பின்னர் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. டமாசியோ குழுவினர் 1982இல் இருபுறப் பழுதை வலியுறுத்தினர். டி ரென்சி போன்றோர் வலப்புறப் பழுது மட்டுமே கொண்ட நோயாளிகளைக் காட்டினர். இடப்புறப் பழுது மட்டும் இருந்து இந்நிலை தோன்றுவது மிக அரிது. ஆகவே "வலது அரைக்கோளம் மட்டுமே" என்று வரும் விடையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். "முதன்மையாக வலது" என்பதே சான்றுகளோடு பொருந்தும் சொல்.

அடுத்து நான் அதிக நேரம் கொடுத்துப் படிக்கச் சொல்வது 1972இல் லெவி, டிரெவார்த்தன், ஸ்பெரி ஆகியோர் வெளியிட்ட கலப்புமுகச் சோதனையை. வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையான கார்ப்பஸ் கலோசம் துண்டிக்கப்பட்டு, இரு அரைக்கோளங்களுக்கும் இடையே தொடர்பற்றுப்போன நோயாளிகளிடம் இது நடத்தப்பட்டது. அர்த்தநாரீஸ்வரர் திருவுருவம் போல இடப்பாதி ஒருவருடையதும் வலப்பாதி இன்னொருவருடையதுமாக ஒட்டிய ஒரு முகப்படம், நோயாளி நடுப்புள்ளியை நோக்கியிருக்கையில், கணநேரம் காட்டப்பட்டது. இடது பார்வைப் புலத்தில் விழுந்த பாதி வலது அரைக்கோளத்துக்கும், வலது புலத்தில் விழுந்த பாதி இடது அரைக்கோளத்துக்கும் சென்றது. பார்த்த முகத்தைப் பல முகங்களுக்கிடையே சுட்டிக்காட்டச் சொன்னபோது, எந்தக் கையால் சுட்டினாலும், அவர்கள் பெரும்பாலும் இடப்பாதிக்குரிய முகத்தையே காட்டினர். பெயரைச் சொல்லச் சொன்னபோதோ வலப்பாதிக்குரியவரின் பெயரைச் சொன்னார்கள். காட்டப்பட்டது இரு முகங்களின் ஒட்டு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. முகத்தை இனங்காண்பதில் ஒரு பக்கமும் அதற்குரிய பெயரை உரைப்பதில் மறுபக்கமும் முந்துகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் படத்தோடு எழுதிப் பழகுங்கள். நோக்குப்புள்ளி, இரு புலங்கள், குறுக்காகச் செல்லும் பாதைகள், இருவகை விடைகள் ஆகிய நான்கும் படத்தில் இருந்தால், விடைத்தாளில் ஒரு பக்க விளக்கம் மிச்சமாகும். ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றது அரைக்கோளங்களின் செயல் வேறுபாட்டைப் பற்றிய ஆய்வுகளுக்காக என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மூளையின் செயல்பாட்டை அளக்கும் ஆய்வுகளில் ஆண்டுகளைக் குழப்பிக்கொள்வது எளிது என்பதால் இரண்டை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெண்டின் குழுவினர் 1996இல், முகத்தைக் கண்ட ஏறத்தாழ 170 மில்லிவினாடியில் எழும் என்-170 என்னும் மூளை மின் அலை வலப்புறப் பின்மண்டையோட்டு மின்முனைகளில் பெரிதாக இருப்பதைக் காட்டினர். கான்விஷர், மெக்டெர்மட், சுன் ஆகியோர் 1997இல் மூளையின் இரத்த ஓட்ட மாற்றங்களைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. மூலம், மூளையின் அடிப்புறத்திலுள்ள ஃபியூசிஃபார்ம் மடிப்பில் முகங்களுக்கெனச் சிறப்பாகத் துலங்கும் பகுதியைக் கண்டனர். அதுவும் பெரும்பாலும் வலப்புறத்திலேயே வலுவாக இருந்தது. ஆனால் ஓரிடம் துலங்குவதும் அவ்விடம் ஒரு செயலுக்கு இன்றியமையாததாக இருப்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை நிரப்புவது ரங்கராஜன், பர்விசி குழுவினரின் 2014 ஆய்வு. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்தவர்களிடம் வலது ஃபியூசிஃபார்ம் மடிப்பைத் தூண்டியபோது, எதிரே இருப்பவரின் முகம் உருமாறுவதாக அவர்கள் கூறினர். இடப்புறத் தூண்டல் முகத்தோடு தொடர்பில்லாத பார்வை மாற்றங்களையே ஏற்படுத்தியது.

குழந்தைப் பருவத்தைப் பற்றிய ஓர் ஆய்வு பல குறிப்பேடுகளில் விடுபட்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பிறந்த முதல் மாதங்களில் ஒரு கண்ணின் தகவல் பெரும்பாலும் எதிர்ப்புற அரைக்கோளத்துக்கே செல்கிறது. எனவே பிறவியிலேயே இடக்கண்ணில் புரை இருந்தால், வலது அரைக்கோளம் அந்தக் காலத்தில் பார்வைத் தகவலின்றி இருந்துவிடுகிறது. லெ கிராண்ட், மொண்ட்லாக், மாரர், பிரெண்ட் ஆகியோர் 2003இல், புரை நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், இடக்கண் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்கு முகத்தில் உறுப்புகளுக்கிடையேயான இடைவெளி வேறுபாடுகளைக் கண்டறிவதில் குறை இருந்ததையும், வலக்கண் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்கு அது இல்லாததையும் காட்டினர். வலப்பக்கச் சார்பு எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு இதைவிட வலுவான விடைப்பொருள் கிடைப்பது கடினம்.

இனி பால் வேறுபாடு. முக நினைவுச் சோதனைகளில் பெண்களின் சராசரி ஆண்களின் சராசரியைவிட உயர்ந்திருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. ஹெர்லிட்ஸும் லோவெனும் 2013இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணிக்கும் தொகுப்பாய்வு இதை உறுதிப்படுத்தியதோடு, பெண்கள் பெண் முகங்களைக் கூடுதலாக நினைவில் கொள்கிறார்கள் என்றும், ஆண்களிடம் ஆண் முகங்களுக்கு அத்தகைய சார்பு இல்லை என்றும் காட்டியது. விளைவு அளவு, அதாவது இரு சராசரிகளுக்கிடையேயான வேறுபாட்டின் பருமன், சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. இங்கேதான் மாணவர்கள் புள்ளியியலைக் கைவிட்டுவிடுகிறார்கள். இரு குழுக்களின் சராசரிகளும் திட்டவிலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவில்) மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விலகியிருந்தால், இரு பரவல்களும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அப்படியானால் ஒருவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொண்டு அவருடைய முகமறியும் திறனைக் கணிக்க இயலாது. இதை ஒரு வரியில் எழுதினாலும் விடையின் தரம் உயரும்.

மூன்றாவது கூற்றுக்கு வரும்போது நிதானம் தேவை. புரோவெர்பியோ குழுவினர் 2006இல், ஆண்களிடம் என்-170 வலப்புறம் பெரிதாகவும் பெண்களிடம் இருபுறமும் ஏறத்தாழச் சமமாகவும் இருந்ததாக அறிவித்தனர். பூப்பெய்தாத பிள்ளைகளிடம் எவர்ஹார்ட் குழுவினர் 2001இல் நடத்திய ஆய்விலோ சிறுவர்களிடம் வலப்புறமும் சிறுமியரிடம் இடப்புறமும் மின்துலங்கல் மிகுந்திருந்தது. இரண்டும் ஒன்றையே சொல்வதுபோல் சேர்த்து எழுதுவது சரியன்று. இருபுறச் சமநிலை வேறு, இடப்புற மிகுதி வேறு. இவ்வகை மின் அலை ஆய்வுகளில் பங்கேற்பாளர் எண்ணிக்கை பெரும்பாலும் சிறியது. பணியும் அளவீடும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன.

தேர்வில் இது கூற்று, காரணம் என்ற வடிவில் வந்தால் என்ன செய்வது? "கூற்று: பெண்கள் சராசரியாக முகங்களை நன்கு நினைவில் கொள்கின்றனர். காரணம்: பெண்களிடம் முகச் செயலாக்கம் இருபுறமும் நிகழ்கிறது" என்று கேட்கப்பட்டால், கூற்றையும் காரணத்தையும் தனித்தனியே ஏற்றுக்கொண்டாலும், பின்னது முன்னதை விளக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. பக்கச்சார்பு குறைவதால் திறன் கூடும் என்று யாரும் நிறுவவில்லை. சரியான விளக்கமன்று என்ற தெரிவே இங்குப் பொருந்தும்.

விரிவான விடை எழுதுபவர்கள் எழுத்தறிவைப் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கலாம். டெஹேன், கோஹன் உள்ளிட்டோர் 2010இல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிந்தவர்களையும் அறியாதவர்களையும் ஒப்பிட்டபோது, வாசிக்கக் கற்றவர்களிடம் இடது ஃபியூசிஃபார்ம் மடிப்பில் சொற்கள் இடம்பிடிப்பதையும், அங்கே முகங்களுக்கான துலங்கல் சற்றுக் குறைவதையும் கண்டனர். வலப்பக்கச் சார்பின் ஒரு பகுதி பிறப்போடு வராமல் பள்ளியோடு வந்திருக்கலாம் என்பது இதன் பொருள். ஆணையும் பெண்ணையும் ஒப்பிடும் ஆய்வொன்றைத் திறனாயும்போது, பங்கேற்றவர்களின் கைப்பழக்கம் (வலக்கையா இடக்கையா என்பது), வயது ஆகியவற்றோடு அவர்களின் வாசிப்புப் பயிற்சியும் ஒப்பிடத்தக்கதாக இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள்.