நம்பர் 4 பிஸ்கட்: சுட்டது, உடைத்தது, ஊறவைத்தது

முதல் உலகப் போரைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் கம்பெனியின் 'ஆர்மி நம்பர் 4' பிஸ்கட் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் ரெடிங் ஊரில் தயாராகி, பிரான்ஸ் போர்முனைக்கு மலைமலையாகப் போனது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதைத் திட்டாத நாளில்லை. இதில் இருப்பது மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே. அந்த மூன்றும் எல்லா வீட்டிலும் உண்டு என்பதால்தான் எனக்கும் சுட்டுப் பார்க்க ஆசை வந்தது.

கோதுமை மாவு 400 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், தண்ணீர் முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட. சப்பாத்திக்குப் பிசைகிற கைப்பழக்கத்தை மறக்க வேண்டும். மாவு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் ஈரம். கட்டையால் தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும், பரவாயில்லை. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் சதுரமாக வெட்டி, முள்கரண்டியால் அடிவரை குத்தினேன். ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே நீராவி தங்கி உப்பிவிடும். ஓ.டி.ஜி. என்கிற மின்சார அவனில் 190 டிகிரியில் பக்கத்துக்கு அரை மணி நேரம். பிறகு சூட்டைக் குறைத்து இன்னும் நெடுநேரம் காயவிட்டேன். உள்ஈரம் போனால்தான் கெடாது. கெடாமல் இருப்பது ஒன்றுதான் இந்தப் பண்டத்துக்கு இட்ட வேலை.

ஆறியதும் மேஜையில் தட்டினால் ஓட்டுத்துண்டின் சத்தம். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இதைத் தின்னுட்டா சண்டைக்குப் போனாங்க? இதையே தூக்கி எறிஞ்சிருக்கலாமே" என்றார்.

கடித்துப் பார்க்கவில்லை. பல்லுக்குச் செலவு பண்ண எனக்கு இப்போது வசதியில்லை. பல் என்றதும் ஒரு சங்கதி. 1914-இல் பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் படையோடு ஒரு பல் மருத்துவர்கூடப் போகவில்லை. அய்ன் ஆற்றுச் சண்டையின்போது ஜெனரல் டக்ளஸ் ஹெய்குக்கே பல்வலி வந்து, பாரிஸிலிருந்து மருத்துவரை வரவழைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் பல் மருத்துவர்களை அனுப்பத் தொடங்கினார்கள். ராணுவத்தில் பல் மருத்துவத்துக்கென்று தனிப்பிரிவு வந்தது 1921-இல். தளபதிக்கு வலித்தால்தான் சிப்பாயின் பல் கண்ணில் படும் போல.

காகிதத்தில் பார்த்தால் ரேஷன் மோசமே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு டின் மாட்டிறைச்சி ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். ரொட்டி கிடைக்காத நாளில் பிஸ்கட்டும் அதே அளவு. ஜாம் 113 கிராம், சர்க்கரை 85 கிராம், தேயிலை 18 கிராம், பன்றி இறைச்சி, சீஸ் தனி. இது போக, அவசரத்துக்கென்று பையில் சுமந்த 'அயர்ன் ரேஷ'னிலும் பிஸ்கட் உண்டு. அதிகாரி சொல்லாமல் அதைப் பிரிக்கக் கூடாது. 450 கிராம் பிஸ்கட்டை நினைத்துப் பார்த்தேன். வயிறு நிறையும்தான், ஆனால் உள்ளே போவது எப்படி?

அங்கேதான் தண்ணீர் வருகிறது. முழு பிஸ்கட்டைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மேல்புறம் வழவழத்தது. பிட்டுப் பார்த்தால் நடுவில் வெள்ளை வெளேரென்று காய்ந்த மாவு, அப்படியே இருந்தது. டம்ளரில் இருந்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டிருந்தது. சூடான டீயில் போட்டது சீக்கிரம் இளகியது. துணியில் முடிந்து குழவியால் நொறுக்கிப் பிறகு ஊறவைத்ததுதான் உருப்படி, கால் மணி நேரத்தில் கூழாகிவிட்டது. சிப்பாய்கள் செய்ததும் இதுவே. கையில் கிடைத்த மண்வெட்டிப் பிடியால் உடைத்து, ஜாமோ கண்டன்ஸ்டு மில்க்கோ சேர்த்துக் கிண்டினார்கள்.

ஆனால் சிப்பாய்கள் பதுங்கியிருந்த முன்னணி அகழியில் தண்ணீர் எங்கே? ஒன்பது லிட்டர் பிடிக்கும் பெட்ரோல் டின்களில் இரவில் ஆட்கள் சுமந்து வந்தார்கள். டின்னைச் சரியாகக் கழுவாததால் டீயிலும் பெட்ரோல் வாடை. கிருமி சாக பிளீச்சிங் பவுடர் வேறு. பெட்ரோலுக்கு நான் தயாரில்லை. பிளீச்சிங் பவுடருக்கு மெனக்கெடவே வேண்டாம், எங்கள் தெருத் தொட்டியில் மருந்து போட்ட அன்று பிடித்த தண்ணீரில் டீ போட்டேன். பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். மருந்து வாடை டீயைத் தாண்டி மூக்கில் ஏறுகிறது. சர்க்கரையை ஏன் அவ்வளவு கொடுத்தார்கள் என்று அப்போது புரிந்தது.

அடுத்தது நெருப்பு. காலி மில்க்மெய்ட் டப்பாவில் கிழிந்த பருத்தித் துணியைத் திணித்து, உருக்கிய மெழுகை ஊற்றிப் பற்றவைத்தேன். அகழிகளில் இப்படித்தான் சமாளித்தார்கள். மொட்டை மாடியில், காற்றில்லாத நேரத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கப் பாடாய்ப் படுத்திவிட்டது. பாத்திரத்தின் அடியில் விரல் வைத்தால் மை போலக் கரி. அதைவிடப் புகைதான் பிரச்சினை. எதிரியின் பார்வையில் பட்டால் அந்த இடத்தில் குண்டு விழும். சாராய எரிபொருள் அடைத்த சின்ன 'டாமி குக்கர்' அடுப்புக்கு அத்தனை மவுசு இருந்ததும் அது புகையாது என்பதால்தான். போர்முனைக்குப் பின்னால் சமைத்து இருட்டில் தூக்கி வந்த சாப்பாடு பெரும்பாலும் ஆறிப்போய்த்தான் சேரும்.

1914 கடைசியில் அதே பிரான்ஸில் இருந்த இந்தியப் படையினருக்கு ஆட்டா, பருப்பு, நெய், வெல்லம் என்று தனி ரேஷன். இரண்டு ரேஷனுக்கும் ஆதாரம் கோதுமை மாவுதான். சப்பாத்திக்கு வேளாவேளைக்கு அடுப்பு வேண்டும், பிஸ்கட்டுக்கு இங்கிலாந்திலேயே நெருப்பு செலவாகிவிட்டது. ராணுவக் கணக்கில் அதுதான் அதன் லாபம். தண்ணீர்க் கணக்கை மட்டும் சிப்பாய் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜாமுக்கு டிக்லர் கம்பெனியின் பிளம்–ஆப்பிள். அதையே தின்று தின்று வெறுத்துப்போனார்கள். காலி டின்னில் வெடிமருந்து அடைத்துக் கையெறிகுண்டாக்கியது போரின் தொடக்க காலக் கூத்து. ஊட்டி பிளம்ஸும் ஆப்பிளும் சரிபாதி வைத்து நான் காய்ச்சியது நன்றாகவே வந்தது. பிஸ்கட் கூழில் கலந்து கிண்டினால் சர்க்கரைப் பொங்கலுக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாவது கிண்ணம் கேட்டான். நாலு நாள் தொடர்ந்து கொடுத்தால் என்ன சொல்வான் என்று தெரியாது.

சில சிப்பாய்கள் பிஸ்கட்டிலேயே விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்படி வந்தவை பிரிட்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. நானும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் பார்த்தேன். ஓட்டைகளுக்கு நடுவே எழுத்து இறங்குகிறது, மை ஊறிப் பரவவில்லை. மீதியை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் பூசணம் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அதே சிப்பாய்களுக்கு டின்னில் வந்த மெக்கோனக்கி ஸ்டூ: மாட்டிறைச்சி, டர்னிப், கேரட். இங்கே டர்னிப் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. நூல்கோல் வைத்துச் சமாளிக்கலாம் என்றிருக்கிறேன்.