பிரீடெரிக்கேயின் ஊர்

எங்கள் வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்குக் கோல்ட்ஸ்மித்தின் ‘விகார் ஒஃப் வேக்ஃபீல்ட்’ நினைவிருக்கும். சேர் அதை முடிக்க ஒரு தவணை முழுக்க எடுத்தார். நாட்டுப்புறத்துப் பாதிரியார், மனைவி, பிள்ளைகள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகிற துன்பங்கள். பரீட்சையோடு அதை மறந்துவிட்டேன். ஜெர்மனிக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு, ஜெர்மன் கவிஞர் கோதே எழுதிய தன்வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாதிரியார் குடும்பம் இன்று பிரான்சில் இருக்கிற அல்சாஸில் ஒரு கிராமத்தில் வந்து நின்றது.

கதை இதுதான். 1770இல் கோதே ஸ்ட்ராஸ்பூர்க்குக்குச் சட்டம் படிக்க வந்தார். அல்சாஸ் அப்போது பிரெஞ்சு அரசரின் ஆட்சியில் இருந்தாலும் சனங்கள் பேசியது ஜெர்மன். அங்கே ஹெர்டர் என்ற அறிஞர் கோல்ட்ஸ்மித்தின் அந்த நாவலை ஜெர்மனில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார். இலையுதிர் காலத்தில் வைலாண்ட் என்ற மாணவ நண்பர் கோதேயைச் செசன்ஹைம் என்ற கிராமத்தில் தனக்குத் தெரிந்த பிரியோன் பாதிரியார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கோதேக்கு வேடம் போடுவதில் ஒரு பைத்தியம். பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, ஏழை இறையியல் மாணவன் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்தார்.

பிறகு பிரீடெரிக்கே வந்தாள். பாதிரியாரின் மகள், வயது 18. வெள்ளைப் பாவாடை, கறுப்புப் பட்டு ஏப்ரன், கையில் மாட்டிய வைக்கோல் தொப்பி என்று நாற்பது வருடத்துக்குப் பிறகும் கோதே அந்த உடுப்பை ஒன்றுவிடாமல் எழுதுகிறார். அடுத்த நாள் காலை தன் கந்தல் கோலத்தை நினைத்து வெட்கப்பட்டு, குதிரையில் ஏறிப் பக்கத்து ஊரான துரூசன்ஹைமுக்கு ஓடினார். அங்கே சத்திரக்காரரின் மகனிடம் நல்ல உடுப்பைக் கடன் வாங்கி, பாதிரியார் வீட்டுக்குப் போக வேண்டிய ஞானஸ்நானக் கேக்கைக் கையில் ஏந்திக்கொண்டு, அந்தப் பொடியனைப் போலவே திரும்பி வந்தார். வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் வேக்ஃபீல்ட் வாசிப்பு உண்மையில் இந்த முதல் பயணத்துக்குப் பிறகுதான் நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கதை நன்றாக அமைவதற்காக மனுசன் வரிசையை மாற்றிவிட்டார்.

லண்டனிலிருந்து வந்திருந்த எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனையும் இழுத்துக்கொண்டு போனேன். செசன்ஹைம் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வடகிழக்கே, ரைன் ஆற்றுச் சமவெளியில் இருக்கிறது. லவுட்டர்பூர்க் போகிற சின்ன ரயில் அங்கே நிற்கும். மலையும் திராட்சைத் தோட்டமும் கொண்ட அல்சாஸைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சோளக் காணியும் மரச்சட்டம் தெரிகிற வீடுகளும்தான். கோதே பார்த்த பாதிரியார் வீடு இன்று இல்லை. அதன் பழைய களஞ்சியம் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் முன்னொரு காலத்துக் காவல் கொட்டிலைக் கோதே நினைவகமாக மாற்றியிருக்கிறார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலும் பழைய படங்களும் கடிதங்களும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஊர் முழுக்கக் கோதேதான்.

தேவாலயத்துக்குள் பாதிரியார் குடும்பம் இருந்த மர ஆசனத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பா கொஞ்சம் வறட்சியாகத்தான் பிரசங்கம் பண்ணுவார், பிரீடெரிக்கே பக்கத்தில் இருந்ததால் அது நீளமாகத் தெரியவில்லை என்று கோதே எழுதியது இந்த ஆசனத்தைப் பற்றித்தான். இரண்டு பேர் ஒட்டித்தான் இருக்கலாம் போல. வெளியே தெற்குச் சுவரில் பாதிரியாருக்கும் மனைவிக்குமான கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். மகளின் கல் இங்கே இல்லை.

1771 ஓகஸ்டில் படிப்பு முடிந்ததும் கோதே போய்விட்டார். குதிரையில் இருந்தபடியே கையைக் கொடுத்தாராம். அவள் கண்ணில் நீர் நின்றதாம். பிறகு பிராங்க்பூர்ட்டிலிருந்து கடிதத்தில் உறவை முடித்தார். அவளுக்கென்று எழுதிய பாட்டுகளோ ஜெர்மன் கவிதையின் போக்கையே மாற்றின. பையன் காட்டு ரோஜாவைப் பறிக்கிற ‘ஹைடன்ரோஸ்லைன்’ அந்தக் காலத்தில் பிறந்ததுதான். 1815இல் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். என் மகள் இங்கே ஆரம்பப் பள்ளியில் அதைப் பாடிக்கொண்டு வந்தபோது, நல்ல பிள்ளைப் பாட்டு என்றுதான் நினைத்தேன். ரோஜா குத்துவேன் என்கிறது, பையன் கேட்கவில்லை, முறிக்கிறான். பிள்ளைகளுக்கு ஏன் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ!

நான் அங்கே நின்று யோசித்தது 1779ஐப் பற்றி. அப்போது கோதே பெரிய மனிதர், வைமார் அரசவையில் பதவி. செப்டம்பர் 25ஆம் திகதி மாலை சுவிஸ் போகிற வழியில் தனியாக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனார். அதைப் பற்றிச் சார்லொட்டே ஃபொன் ஷ்டைன் என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தான் விட்டுப் போனது அவளின் உயிருக்கே ஆபத்தாக முடியப் பார்த்தது என்று அதில் ஒத்துக்கொள்கிறார். அவள் பழையதைத் தொடவே இல்லை. தோட்டத்தில் முன்பு இருந்த இடங்களுக்கெல்லாம் கூட்டிப் போனாள். அன்று முழு நிலவு. அவர் பூ வரைந்து கொடுத்த வண்டி அப்படியே இருந்தது. முன்பு அவருக்குச் சவரம் செய்த நாவிதரைக்கூடக் கூப்பிட்டார்கள். விடிய வெளிக்கிட்டுவிட்டார்.

இதைத் தோழனுக்குச் சொன்னேன். “நாவிதரையும் கூப்பிட்டவையாமோ?” என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: “அந்தப் பெட்டைக்கு எவ்வளவு பொறுமை, மச்சான். நானெண்டால் நாயை அவிட்டு விட்டிருப்பன்.” எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் கோதே போயிராவிட்டால் அந்த இரவைப் பற்றி நமக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது. அவர் எழுதிய கடிதங்களைத் தங்கை சோஃபி எரித்துவிட்டாள். அவள் தரப்பில் ஏதும் மிஞ்சவில்லை.

பிரீடெரிக்கே கலியாணம் செய்யவில்லை. அப்பா இறந்த பிறகு ரோத்தோ என்ற ஊரில் பாதிரியாராக இருந்த தம்பியோடும், பிறகு அக்கா குடும்பத்தோடும் வாழ்ந்தாள். 1813 ஏப்ரல் 3ஆம் திகதி ரைனுக்கு இந்தக் கரையில், ஜெர்மன் பக்கத்து மைசன்ஹைமில் இறந்தாள். இதில் ஒன்று என்னை விடுகிறதாய் இல்லை. கோதேயின் தன்வரலாற்றில் செசன்ஹைம் சந்திப்பு வருகிற பாகம் 1812இல் வெளிவந்தது. பிரிவு வருகிற பாகம் 1814இல். சந்தித்த கதை அச்சாகி வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். பிரிந்த கதை வரும்போது இல்லை. கோதே வாசகர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கோ தன்வரலாற்றின் மற்றப் பக்கங்களைவிட இதுதான் கனக்கிறது.

மைசன்ஹைம் தேவாலயத்தில் அவளின் கல் இருக்கிறது. 1866இல் வைத்தது. கவிஞன் என்ற சூரியனின் ஒரு கதிர் அவள்மேல் விழுந்து அவளை அழியாதவளாக்கியது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அங்கும் கோதேயை விடவில்லை.

ரைனுக்கு ஜெர்மன் கரையில், பாடன் பக்கத்தில் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள் வரும் கோடையில் ஒரு ஞாயிறு சேர்ந்து போகலாம். கிரெஃபெர்ன் துறையிலிருந்து துரூசன்ஹைமுக்கு வாகனம் ஏற்றுகிற படகு இருக்கிறது. காசு வாங்குவதில்லை. அங்கிருந்து செசன்ஹைம் கிட்டத்தான், கோதே கேக்கோடு வந்த வழி. ஆற்றில் வெள்ளம் கூடினால் படகு ஓடாது, ஆகவே வெளிக்கிட முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.