அட்டெண்டன்ஸ் 75-க்குக் குறைந்துவிட்டதா? ஆபீஸ் சொல்வதை மட்டும் நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததில் இந்த செமஸ்டர் என் அட்டெண்டன்ஸ் 71 சதவீதத்தில் நின்றுவிட்டது. நான் படிப்பது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில். தேர்வெழுத 75 வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். 65-க்குக் கீழே போகாமல் இருந்தால், மருத்துவக் காரணம் காட்டி, கல்லூரி முதல்வர் அத்தாட்சியிட்ட மருத்துவச் சான்றிதழோடு எழுதலாம் என்பதும் பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனிலேயே (விதிமுறையிலேயே) இருக்கிறது.

எங்கள் கல்லூரி ஆபீசில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "75 இல்லேன்னா ஹால் டிக்கெட் வராதும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கோ" என்று முடித்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஜூனியர் பையனுக்கும் அதே பதில். 68 வைத்திருந்தவன், அன்று மாலையே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை ஃபேக்கல்டி அட்வைசராக, அதாவது வழிகாட்டும் ஆசிரியராக, ஒதுக்க வேண்டும் என்பதும் அதே ரெகுலேஷன்தான். நம்மில் பலருக்கு அவர் மென்டர் நோட்டில் கையெழுத்துப் போடுபவர், அவ்வளவுதான். நான் நேராக என் அட்வைசர் மேடத்திடம் போனேன். என் சான்றிதழைப் பார்த்ததுமே, "அட்மிட் ஆன தேதியே இல்லையே, டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கிட்டு வா" என்றார். ஆஸ்பத்திரியில் ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) இல்லாமல் தேட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளை, அந்த நம்பர் இருந்த பழைய பில்லை அப்பா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். பில், மருந்துச் சீட்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள்.

தேர்வெழுத அனுமதி கேட்கும் கடிதத்தை ஆபீசில் கொடுக்கும்போது ஒரு நகலில் இன்வர்ட் சீல் (பெற்றுக்கொண்டதற்கான முத்திரை) வாங்கிக்கொள்ளச் சொன்னதும் மேடம்தான். பின்னால் "அப்படி எந்த லெட்டரும் வரலையே" என்று அதே ஆபீசில் சொன்னபோது, சீல் போட்ட நகலை நீட்டினேன். பீரோவைத் திறந்து தேடி எடுத்தார்கள். முதல்வர் கையெழுத்து மறுநாளே கிடைத்தது.

விடுபட்ட இன்டர்னலுக்கு (கல்லூரி நடத்தும் உள்தேர்வுக்கு) ரீடெஸ்ட் கேட்பதையும் தள்ளிப் போடாதீர்கள். மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அந்தப் பையனைப் பற்றியும் மேடத்திடம் சொன்னேன். அவரே அவன் வீட்டுக்குப் போன் போட்டு வரவழைத்தார். அவனும் இப்போது தேர்வெழுதிக்கொண்டிருக்கிறான்.