கையெழுத்துக்கு முன்பே நடக்க வேண்டிய பேச்சு

சிறப்புக் கல்வி பெறும் குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டம் பெற்றோரின் கைக்கு வரும்போது, பெரும்பாலும் அது எழுதி முடிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் தற்போதைய நிலை, ஆண்டு இலக்குகள், வாரத்துக்கு எத்தனை முறை பேச்சுப் பயிற்சி, தேர்வில் என்னென்ன சலுகை என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்க, கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்திடும் இடம் மட்டும் காலியாக இருக்கும். பெற்றோரின் பங்கேற்பு என்று பல பள்ளிகள் கணக்கில் வைப்பது அந்தக் கையெழுத்தைத்தான். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தாயாகப் பல கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதுதான்: இலக்குகள் எழுதப்படும் நேரத்தில் பெற்றோர் உடனிருக்க வேண்டும்; எழுதி முடித்த பிறகு கேட்கப்படும் சம்மதத்தால் குழந்தைக்குப் பெரிதாக எதுவும் மாறிவிடுவதில்லை.

இப்படி ஓர் ஆவணம் உருவானதே பெற்றோரால்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் கூடி நடத்திய சங்கம் அரசின் மீது வழக்குத் தொடுத்து, அக்குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி தரப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டை 1972இல் நீதிமன்றத்தின் வழியாகப் பெற்றது. அதைத் தொடர்ந்து 1975இல் அந்நாட்டில் வந்த சட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும் என்றும் அதை எழுதுவதில் பெற்றோருக்கும் இடம் உண்டு என்றும் வகுத்தது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமங்கா நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி ஏற்ற பிரகடனமும், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கல்வி குறித்த திட்டமிடலிலும் முடிவெடுப்பதிலும் பெற்றோர் பங்கேற்க வேண்டும் என்கிறது. ஆகவே, பள்ளி பெரிய மனது பண்ணி நம்மை உள்ளே அழைப்பதாக எண்ணிக் கூச்சப்பட எதுவும் இல்லை.

இலக்கு என்ற பகுதியில்தான் பெற்றோரின் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. 'மாணவரின் தகவல் தொடர்புத் திறன் மேம்படும்' என்று ஒரு வரைவில் எழுதியிருந்தார்கள். யாரும் மறுக்க முடியாத வாக்கியம். ஆனால் ஆண்டு முடிவில் அது நிறைவேறியதா இல்லையா என்று எவராலும் சொல்லவும் முடியாது. வகுப்பில் இரைச்சல் கூடும்போது என் மகன் சட்டைக் காலரைக் கடிப்பான். அதையும் தாண்டிவிட்டால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். பள்ளிக் குறிப்பில் முதலாவது 'கவனச் சிதறல்' என்றும் இரண்டாவது 'கீழ்ப்படியாமை' என்றும் பதிவாகியிருந்தன. காலரைக் கடிப்பது தாங்க முடியவில்லை என்பதற்கான அவனுடைய முதல் அறிகுறி என்பதும், அந்தச் சில நிமிடங்களுக்குள் இரைச்சலை விட்டு அவனை விலக்கினால் அடுத்தது நடப்பதே இல்லை என்பதும் வீட்டில் எங்களுக்குத் தெரியும். நான் அதை எடுத்துச் சொன்ன பிறகு, சிறப்பாசிரியை அந்த இலக்கை வேறு விதமாக எழுதினார்: இரைச்சல் மிகும் வேளைகளில், ஓய்வு வேண்டும் என்பதற்கான பட அட்டையை எடுத்து ஆசிரியரிடம் காட்டுவான், 5 வாய்ப்புகளில் 4இல் தானாகவே காட்டினால் இலக்கு எட்டப்பட்டதாகக் கொள்ளப்படும். அட்டையை வைக்கும் இடம், அதைக் காட்டியதும் ஆசிரியர் செய்ய வேண்டியது, கணக்குக் குறிப்பவர் யார் என்பவற்றையும் அதிலேயே சேர்த்தோம். காலர் எனக்குத் தெரிந்தது, அளவீடு அவருக்குத் தெரிந்தது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த வரி உருவாகியிருக்காது.

இதற்காகப் பெற்றோர் சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. குழந்தை எதைத் தானாகச் செய்கிறது, எதற்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது, எந்த நேரத்தில் சோர்ந்து போகிறது, எதைக் கண்டால் முகம் மலர்கிறது என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போனால் போதுமானது. குறைகளின் பட்டியல் பள்ளியிடம் எப்படியும் இருக்கும் என்பதால், குழந்தையின் பலங்களை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வரைவைக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே கேட்டு வாங்கிப் படிப்பதும், புரியாத சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம் கேட்பதும் நல்லது. (அந்தச் சுருக்கெழுத்துகளில் சிலவற்றுக்கு, கேட்டபோது, கூட்டத்தில் இருந்தவர்களிடமே ஒரே விளக்கம் இல்லை.)

கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். பள்ளி வாசிப்புக்கு முதலிடம் தரும்போது, தனியாகக் கழிப்பறைக்குப் போய் வருவதுதான் இப்போதைக்கு முக்கியம் என்று பெற்றோர் நினைக்கலாம். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ஓராண்டில் ஒரு குழந்தையால் கற்க முடிந்ததற்கு ஓர் எல்லை இருப்பதால், பத்துப் பதினைந்து இலக்குகளை அடுக்கி இரு தரப்பையும் திருப்திப்படுத்துவதைவிட, நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து ஊன்றிச் செய்வதே மேல் என்பது என் கருத்து. உடன்பாடு எட்டாத இடத்தில், நம் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் சேர்க்கச் சொல்வது சண்டை போடுவதாகாது. அடுத்த ஆண்டு ஆசிரியர் மாறினாலும் அந்தக் குறிப்பு கோப்பில் இருக்கும்.

பங்கேற்பு என்ற பெயரில் வீட்டை இன்னொரு பயிற்சிக் கூடமாக்கும் போக்கையும் நான் ஏற்பதில்லை. பகல் முழுவதும் பள்ளியில் முயன்று களைத்து வரும் குழந்தையை மாலையிலும் அட்டைகளோடு உட்கார வைக்கச் சொல்லும் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதுபவர்கள், அந்த வீட்டில் வேலைக்குப் போய் வரும் பெற்றோரும் மற்ற பிள்ளைகளும் இருப்பதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சாப்பிடும்போதும் உடுத்தும்போதும் இயல்பாகப் பழக்கக்கூடியதை மட்டும் வீட்டுக்கு ஒதுக்கினால் போதும் என்று கூட்டத்திலேயே சொல்லிவிடலாம்.

குழந்தையும் அங்கே இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கு உண்டு என்றும், அதைச் சொல்வதற்கு ஏற்ற உதவி தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. பேச்சு வராத குழந்தை படங்களைத் தொட்டுக் காட்டலாம். கவனம் சிதறாமல் இருக்க முன்வரிசைதான் நல்லது என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருக்க, வகுப்பறையின் படத்தை நீட்டியபோது என் மகன் பின்சுவரை ஒட்டிய இருக்கையைத் தொட்டான்; முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடாத இடம் அது. இருக்கையை மாற்றினார்கள். அடுத்த கூட்டத்தில் அவனை எந்தக் கட்டத்தில் அழைப்பது, எந்தெந்தப் படங்களை முன்னால் வைப்பது என்று இப்போதே ஆசிரியையிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன்.