கான்ஃபிக் கோப்பு புகார் சொல்லாத இடங்கள்

சர்வர் முகவரி, போர்ட் எண், லாக் எழுத வேண்டிய இடம் என்று பத்துப் பதினைந்து விவரங்களை நிரலுக்கு வெளியே வைக்க ஐஎன்ஐ என்ற எளிய உரைக் கோப்பே போதும். சதுர அடைப்புக்குள் பிரிவின் பெயர், கீழே பெயர் = மதிப்பு. பைத்தானோடு கூடவே வரும் கான்ஃபிக்பார்சர் என்ற தொகுதி அதைப் படித்துவிடும். இவ்வளவு சின்ன வேலைக்கு யாமல் போன்ற பெரிய வடிவத்தைத் தேடிப் போவது வீண். ஆனால் கான்ஃபிக்பார்சர் ரொம்பவும் சாது. தப்பு நடந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடும். நிரல் வேறெங்கோ போய் நிற்கும்.

கோப்பே இல்லையென்றாலும் அதைப் படிக்கச் சொல்லும் ரீட் பிழை தராது. படிக்க முடிந்த கோப்புகளின் பட்டியலை மட்டும் திருப்பித் தரும். அந்தப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ‘பிரிவு இல்லை’ என்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: கிரான் ஓட்டும் டைரக்டரி வேறு. ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து முழுப் பாதையைக் கட்டி, ஓப்பன் மூலம் திறந்து ரீட்_ஃபைலுக்குக் கொடுத்தால், கோப்பு இல்லாதபோது அங்கேயே தெரிந்துவிடும்.

படித்த மதிப்பு எல்லாமே ஸ்ட்ரிங். ‘ஃபால்ஸ்’ என்று எழுதியதை, உண்மையா பொய்யா என்று மாற்றித் தரும் பூல்-க்குள் போட்டால், காலியில்லாத ஸ்ட்ரிங் என்பதால் உண்மை என்றே வரும். கெட்பூலியன், கெட்இன்ட் இதற்காகத்தான் இருக்கின்றன. = குறிக்கு முன்னால் இருக்கும் பெயர்கள் தாமாகவே சிறிய ஆங்கில எழுத்துக்கு மாறுவதும் உண்டு. அவற்றை அப்படியே என்விரான்மென்ட் மாறிகளாக அனுப்புகிறவர்கள் படிப்பதற்கு முன்பே, பெயரை மாற்றும் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்மை எஸ்டிஆர் (str) என்று வைத்துவிட வேண்டும்.

வரியின் நடுவே ; போட்டுக் குறிப்பு எழுதும் பழக்கம் பைத்தான் 2 காலத்தது. 3.2 முதல் அந்தக் குறிப்பும் மதிப்பில் சேர்ந்துவிடுகிறது. போர்ட் எண் என்றால் கெட்இன்ட் கத்தும். டைரக்டரி பெயர் என்றால் யாரும் கத்த மாட்டார்கள். குறிப்போடு சேர்ந்த நீளப் பெயரில் ஒரு டைரக்டரி உருவாகியிருக்கும். குறிப்பைத் தனி வரியில் எழுதுவதே நல்லது.

பாஸ்வேர்டில் % வந்தால் கதை இன்னும் மோசம். ஒரு மதிப்புக்குள் இன்னொன்றைச் செருக % குறியைத்தான் கான்ஃபிக்பார்சர் பயன்படுத்துகிறது. ரீட் தாண்டிவிடும், அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் பிழை வரும். பிழைச் செய்தியோ % தொடங்கி மிச்சப் பாஸ்வேர்டை அச்சிட்டுக் காட்டும். அது நேராக லாக்கில் போய் உட்காரும். %% என்று இரட்டிக்கலாம்தான், ஆனால் பாஸ்வேர்டு மாற்றுகிறவருக்கு அது தெரிந்திருக்காது. பார்சரை உருவாக்கும்போதே இந்தச் செருகலை, அதாவது இன்டர்போலேஷனை, நன் (None) என்று கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது. செருகும் வசதி தேவைப்படும் கோப்புகள் மிகச் சில.

தமிழில் மதிப்பு எழுதுகிறவர்கள் என்கோடிங்கை, அதாவது எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறையை, குறிப்பிடாமல் விட்டுவிடக் கூடாது. ஆங்கில விண்டோஸில் யுடிஎஃப்-8 கோப்பையும் பழைய 1252 எழுத்துப் பட்டியலை வைத்துப் படிக்கும் வாய்ப்பு அதிகம். ‘கடல்’ என்று எழுதினால் பிழை வரும். புள்ளியின் கடைசி பைட்டுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே இல்லை. ‘கடை’ என்றால் பிழையே இல்லாமல் குப்பை எழுத்தாக உள்ளே வரும். சோதனைக்கு எந்தச் சொல்லை எடுத்தோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுவதால், இதைக் கண்டுபிடிக்க நேரமாகும். நோட்பேடில் பாம் (கோப்பின் தொடக்கத்தில் வரும், கண்ணுக்குத் தெரியாத அடையாளம்) சேர்த்துச் சேமித்த கோப்பு இன்னொரு வகை: முதல் வரி கண்ணுக்குச் சரியாக இருக்கும், பார்சர் பிரிவுத் தலைப்பு இல்லை என்று சொல்லும். என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் பாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படித்துவிடும்.

ரைட் கொண்டு திருப்பி எழுதினால் கோப்பிலிருந்த குறிப்புகள் எல்லாம் போய்விடும். மனிதர்கள் திருத்தும் கோப்பில் நிரல் எழுதாமல் இருக்கட்டும். நிரல் நினைவில் வைக்க வேண்டியதற்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம்.