கோப்பாக இல்லாத பக்கங்களைப் பராமரித்தல்

முன்பெல்லாம் வலைப்பக்கம் என்பது சர்வரில் இருக்கும் ஒரு கோப்பு. அதைத் திறந்து திருத்தினால் பக்கம் மாறிவிடும். வேர்ட்பிரஸ், டுரூபல், ஜூம்லா போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் பொதுவாக அப்படி ஒரு கோப்பே கிடையாது. வாசகர் ஒரு முகவரியைத் திறந்ததும், அது எந்தப் பதிவைக் குறிக்கிறது என்று நிரல் கண்டறிந்து, தலைப்பு, உரை, ஆசிரியர் பெயர், பகுப்பு ஆகியவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, அந்த வகைப் பதிவுக்குரிய வார்ப்புருவில் (பக்கத்தின் அமைப்பை வரையறுக்கும் மாதிரியில்) பொருத்தி, அந்தக் கணத்தில் பக்கத்தை உருவாக்கி அனுப்புகிறது. ஆகவே, இத்தகைய தளங்களைப் பராமரிக்கும் எங்களுடைய உழைப்பில் பெரும்பகுதி அந்தத் தரவை ஒழுங்காக வைத்திருப்பதிலேயே செலவாகிறது.

ஒரு நிறுவனத்தின் அறிவிப்புப் பகுதியைச் சீரமைத்தபோது இது எனக்கு நன்றாக விளங்கியது. விண்ணப்பிக்கக் கடைசி நாளை ஒவ்வோர் அறிவிப்பிலும் உரைக்குள்ளேயே தட்டச்சு செய்து, சிவப்பு நிறமும் தடித்த எழுத்தும் கொடுத்திருந்தார்கள். படிப்பவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காலம் கடந்த அறிவிப்புகள் தாமாகவே காப்பகத்துக்குப் போக வேண்டும் என்ற தேவை எழுந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பத்தியின் நடுவே ‘வரும் 15ஆம் தேதிக்குள்’ என்று எழுதியிருப்பதைத் தேதியாக எடுத்து வரிசைப்படுத்தத் தரவுத்தள வினவலுக்கு (தரவைத் தேடி எடுக்கும் கட்டளைக்கு) வழியில்லை. அறிவிப்புக்கெனத் தனிப் பதிவு வகையை அமைத்து, கடைசி நாளுக்கென ஒரு தேதிப் புலத்தை, அதாவது தேதியை மட்டும் ஏற்கும் தனிக் கட்டத்தை, வைத்து, பழைய அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து நாளை அந்தப் புலத்துக்கு மாற்றினோம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் அதன் பிறகு முகப்புப் பட்டியலும் காப்பகமும் நினைவூட்டல் மின்னஞ்சலும் அந்த ஒரே புலத்தைப் படித்துக்கொண்டன. நாளை நீட்டித்தால் ஓரிடத்தில் திருத்துவதே போதுமாக இருந்தது. வேர்ட்பிரஸில் 2010இல் வந்த 3.0 பதிப்பு தனிப் பதிவு வகைகளைப் பரவலாக்கியது. டுரூபலில் 2011இல் வந்த 7ஆம் பதிப்பு புலங்களை மைய நிரலிலேயே சேர்த்தது. இந்த வசதிகளைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் ஒரே உரைப்பெட்டியில் கொட்டுவது, அமைப்பு தரும் மிகப் பெரிய நன்மையைக் கைவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

தமிழில் தலைப்பிடுவோர் முகவரியையும் கவனிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே ஆக்கும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் %E0%AE%A4 போன்ற வடிவுக்கு மாறி 9 இடங்களைப் பிடிக்கிறது. முகவரியைச் சேமிக்கும் புலத்தின் அளவோ 200 இடங்கள். புள்ளியும் துணைக்கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் தனிக் குறியீடுகள் என்பதால், நீண்ட தலைப்பு ஏறத்தாழ 22 குறியீடுகளில் அறுபட்டுவிடும். சுருக்கமான முகவரியைக் கையால் இடுவதே நல்லது.

‘திருத்திவிட்டேன், பக்கத்தில் தெரியவில்லையே’ என்ற கேள்வி எல்லா அலுவலகங்களிலும் எழுவது. ஒவ்வொரு வருகைக்கும் பக்கத்தைப் புதிதாக உருவாக்குவது சர்வருக்குச் சுமை என்பதால், ஒருமுறை உருவான பக்கத்தின் நகலைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து அடுத்தவருக்கும் அதையே தருகிறோம். நகல் சர்வரிலும் இருக்கலாம், இடையில் நின்று பக்கங்களை வாசகருக்கு அருகிலிருந்து வழங்கும் விநியோக வலையமைப்பிலும் (CDN) இருக்கலாம், வாசகரின் உலாவியிலும் இருக்கலாம். எந்த அடுக்கில் பழைய நகல் தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அழிப்பது சர்வரை வீணாகத் திணறடிக்கும். இப்படி நகலைத் தருவதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. வேர்ட்பிரஸின் நேரம் குறித்த வேலைகள் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் தூண்டப்படுகின்றன. எல்லோருக்கும் நகலே போனால் நிரல் ஓடாது, குறித்த நேரத்தில் வெளிவர வேண்டிய பதிவு தாமதமாகும். இதனால் அந்தப் பொறுப்பை, குறித்த நேரங்களில் வேலைகளைத் தானே இயக்கும் சர்வரின் கிரானிடம் (cron) ஒப்படைத்துவிடுகிறோம்.

புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2014 அக்டோபர் 15 அன்று டுரூபல் 7இல் ஒரு எஸ்க்யூஎல் ஊடுருவல் ஓட்டை, அதாவது வெளியாள் தன் கட்டளைகளைத் தரவுத்தளத்துக்குள் புகுத்த இடம் தரும் குறை, அறிவிக்கப்பட்டது. 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத தளங்கள் கைப்பற்றப்பட்டதாகவே கருத வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. அவ்வளவு விரைவாகச் செயல்பட வேண்டுமென்றால், புதுப்பிப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு நகல் தளம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். காப்புப் பிரதியில் தரவுத்தளத்தோடு, பதிவேற்றிய படங்களின் கோப்புறையும் சேர்ந்திருக்க வேண்டும். அதை அவ்வப்போது அந்த நகல் தளத்தில் மீட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.